குழாய் எங்கே போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், ஆலய முகப்பில் சாலையோரமாக லூர்து அன்னைக்குக் கெபி கட்ட அடித்தளம் தோண்டினோம். பொக்லைன் வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது! அந்தப் பகுதிக்கே தண்ணீர் கொண்டு செல்லும் மெயின் குழாயை உடைத்துவிட்டோம். அலுவலகத்தில் விசாரிக்காமல் நாம் தோண்டவில்லை. அவர்கள் எடுத்துக் காட்டிய வரைபடத்தில் அந்தக் குழாய் சாலையின் எதிர்ப்புறத்தில் ஓடியது. காகிதத்தில் எதிர்ப்புறம், மண்ணில் நம் பக்கம்!

எந்த வால்வை மூடினால் தண்ணீர் நிற்கும் என்று வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பிட்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வரைபடத்தை அவர் கையில்கூட வாங்கவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் நின்று, காலால் மண்ணைத் தள்ளி, "இங்கதான் சாமி. தார் போட்டப்ப மூடிட்டாங்க" என்றார். தோண்டினால், வால்வு அங்கேதான் இருந்தது. "இது எப்படி அண்ணே உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டோம். "நான்தானே வச்சேன்" என்றார்.

எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். நமக்கோ ஒரு கலக்கம். அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்? அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்ற பிறகு குழாய் உடைந்திருந்தால்? ஒரு ஊரின் குடிநீர் பற்றிய அறிவு ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருக்கலாமா? இந்தக் கேள்விக்கு ஒரு முழு நகரமே மிகப் பெரிய விலை கொடுத்துப் பதில் தேடிய வரலாறு ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் நடந்தது. அதன் முக்கியமான கட்டம் 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் முடிவுக்கு வந்தது.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகருக்கு வடமேற்கே இருக்கிறது ஃபிளின்ட். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908இல் பிறந்த ஊர் அது. கார் தொழில் செழித்த காலத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 ஆயிரம் பேரே எஞ்சியிருந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். ஏழைகள் மிகுந்த ஊர்.

நகரத்தின் நிதிநிலை நொடிந்ததால், மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகியின் கீழ் அது இருந்தது. செலவைக் குறைக்க, 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டு, ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாய்களில் விட்டார்கள். குழாய் அரிக்காமல் இருக்கப் பாஸ்பேட் கலந்த மருந்தைத் தண்ணீரில் சேர்ப்பது வழக்கம். அது குழாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, உலோகம் தண்ணீரில் கரையாமல் காக்கும். டெட்ராய்ட் தண்ணீரில் அது இருந்தது. ஆற்றுத் தண்ணீரில் சேர்க்கவில்லை. பழைய படலம் கரைந்து போக, வீடுகளுக்குச் செல்லும் ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் இறங்கியது.

மக்கள் முறையிட்டார்கள். நிறம் மாறிய தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டு வந்து காட்டினார்கள். "தண்ணீர் பாதுகாப்பானது" என்றே அதிகாரிகள் சொன்னார்கள். அதே 2014 அக்டோபரில், எந்திர உதிரிப்பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் தொழிற்சாலைக்கு மட்டும் வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீர் குழந்தைகளுக்கு ஆகும் என்று எப்படி நினைத்தார்களோ, நமக்குப் புரியவில்லை. 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அட்டீஷா என்ற குழந்தை மருத்துவர், ஊர்க் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை எண்ணிக்கையோடு வெளியிட்ட பிறகே அரசு அசைந்தது. அக்டோபரில் பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள். ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்பதே மருத்துவ உலகின் முடிவு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது தொடும்.

நீர் மாறியது. ஆனால் குழாய் மாறவில்லையே! ஈயக் குழாய்களைத் தோண்டியெடுத்து, செப்புக் குழாய் போட வேண்டும். எந்த வீட்டுக்கு ஈயக் குழாய்? இந்தச் சின்னக் கேள்விக்கு நகராட்சியிடம் பதில் இல்லை.

ஈயக் குழாய் போடுவது ஒரு காலத்தில் குற்றமல்ல, சட்டம்! தெருக் குழாயிலிருந்து வரும் இணைப்பு ஈயத்தால்தான் இருக்க வேண்டும் என்று 1897இல் ஃபிளின்ட் நகரமே விதி செய்திருந்தது. ஈயம் வளையும், வெடிக்காது, நீண்ட நாள் உழைக்கும் என்பது அன்றைய எண்ணம். அப்படிப் போட்டவற்றின் விவரங்கள் ஏறத்தாழ 45,000 சிறு அட்டைகளில், கையால் எழுதப்பட்டு, தண்ணீர்த் துறையின் இழுப்பறைகளில் கிடந்தன. 1980களில் குறிப்புகள் எழுதப்பட்ட பெரிய காகித வரைபடங்கள் வேறு இருந்தன. சில எழுத்துகள் அழிந்திருந்தன. சில குறியீடுகளுக்குப் பொருள் சொல்ல ஆள் இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளின்ட் வளாகத்தில் புவியியல் பேராசிரியரும் மாணவர்களும் அந்த வரைபடங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினார்கள். இத்தகைய ஏற்பாட்டை ஆங்கிலச் சுருக்கத்தில் ஜிஐஎஸ் என்கிறார்கள். வெறும் படத்தை ஸ்கேன் செய்து வைப்பது அல்ல இது. ஒவ்வொரு குழாய்க்கும், வால்வுக்கும், வீட்டு இணைப்புக்கும் பூமியில் அது இருக்கும் சரியான இடம் பதியப்படும். அதோடு அது எந்த உலோகம், எத்தனை அங்குலம், எந்த ஆண்டு போட்டது, எப்போது பழுது பார்த்தது என்ற விவரமும் சேர்ந்திருக்கும். ஒரு குழாய் உடைந்தால், எந்தெந்த வால்வுகளை மூட வேண்டும், எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் நிற்கும் என்று அதனிடம் கேட்கலாம். நம் பிட்டர் அண்ணன் காலால் காட்டியதை அது திரையில் காட்டும்.

ஃபிளின்டில் கணினியில் ஏற்றிப் பார்த்தபோதுதான் ஓட்டைகள் தெரிந்தன. 4,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஈயக் குழாய் என்று பதிவு இருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு எந்தத் தகவலும் இல்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, இருந்த பதிவுகளிலும் பல பொய்த்தன. தெருவிலிருந்து வரும் இணைப்பில் வெளிப்பாதி ஈயம், வீட்டுப்பக்கப் பாதி செம்பு என்றும் இருக்கக்கூடும். பதிவேட்டில் ஒரு சொல்தான் எழுதியிருக்கும்.

அடுத்து வந்தது கணிதம். ஜேக்கப் அபர்நெத்தி, எரிக் ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள், வீடு கட்டிய ஆண்டு, அதன் மதிப்பு, இருக்கும் தெரு, பழைய பதிவு, தோண்டிய இடங்களில் கண்டது ஆகியவற்றைச் சேர்த்து, எந்த வீட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லும் கணினி முறையை உருவாக்கினார்கள். ஒவ்வொரு முறை தோண்டும்போதும் கண்டது உள்ளே போகும். கணிப்பு மேலும் கூர்மையாகும். 2017ஆம் ஆண்டு வாக்கில், தோண்டிய இடங்களில் நூற்றுக்கு 70 அளவில் மாற்ற வேண்டிய குழாய்கள் கிடைத்தன.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய ஒரு திருப்பம் வருகிறது. 2018இல் பணிகளை மேற்பார்வையிடப் பெரிய பொறியியல் நிறுவனம் ஒன்று அமர்த்தப்பட்டது. கணினிக் கணிப்பு ஓரங்கட்டப்பட்டது. ஒவ்வொரு வட்டாரமாக, வீடு விடாமல் தோண்டத் தொடங்கினார்கள். அந்த ஆண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் முன் தோண்டினார்கள். ஈயமோ மாற்ற வேண்டிய இரும்புக் குழாயோ கிடைத்தது நூற்றுக்கு 15 வீடுகளில்தான். ஆபத்தில்லாத செப்புக் குழாய்களைத் தோண்டிப் பார்த்து மூடிக்கொண்டிருந்த அதே நாள்களில், வேறு தெருக்களில் குழந்தைகள் ஈயக் குழாயில் வந்த தண்ணீருக்கு வடிகட்டி மாட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை வெறும் முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. மக்களின் பக்கம் நின்று பாருங்கள். "தண்ணீர் நல்லது" என்று ஒன்றரை ஆண்டு பொய் சொன்ன அதே அரசு, இப்போது "உங்கள் வீட்டுக் குழாய் நல்லது, கணினி சொல்கிறது" என்றால் யார் நம்புவார்? "என் வீட்டையும் தோண்டிக் காட்டு" என்றார்கள். தோமா கேட்டதும் அதைத்தானே! ஆண்டவர் அவரைக் கடிந்து விரட்டவில்லை, கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கத்துத் தெருவில் தோண்டினார்கள், எங்கள் தெருவில் ஏன் இல்லை என்ற மக்களின் கேள்விக்கு நகராட்சித் தலைவர்களிடம் எளிய பதில் இல்லை. வரைபடம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அதை வைத்திருப்பவர் மீது நம்பிக்கை இல்லையென்றால் அது பயன்படாமல் போகிறது. ஆயினும், அச்சத்தைத் தணிக்க எல்லா வீட்டையும் தோண்டியதில், உண்மையான ஆபத்தில் இருந்தவர்கள்தான் காத்திருந்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் நிலையையும், எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்திருந்தால் பாதிக் கோபம் தணிந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

நீதிமன்றம்தான் மீண்டும் வழிக்குக் கொண்டுவந்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு குழுவைப் பங்குமக்களாகிய நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. ஃபிளின்ட் நகரப் போதகர்கள் சேர்ந்து நடத்திய சமூகச் செயற்பாட்டு அமைப்பு அது. சுற்றுச்சூழல், குடியுரிமை அமைப்புகளோடும் ஊர்ப் பெண்மணி ஒருவரோடும் சேர்ந்து 2016இல் வழக்குப் போட்டார்கள். ஈயக் குழாய்களை மாநில அரசின் செலவில் மாற்றித் தர 2017 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. 2019இல் கணினிக் கணிப்பைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதில் சேர்க்கப்பட்டது. கண்டுபிடிப்பு விகிதம் மறுபடியும் ஏறியது. போதகர்கள் குழாய் உலோகத்தைப் பற்றி நீதிமன்றத்தில் வாதாடுவது அவர்கள் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். 2015 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று எழுதினார். அந்தத் திருமடல் வெளியான நாளில் ஃபிளின்ட் மக்கள் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எந்த வரைபடத்திலும் வராதவர்கள் சிலரும் அந்த நகரில் இருந்தார்கள். 2016 தொடக்கத்தில் பாட்டில் தண்ணீர் வழங்கியபோது, சில இடங்களில் அடையாள அட்டை கேட்டார்கள். ஆவணம் இல்லாத குடியேறிகள் பயந்து ஒதுங்கினார்கள். வீட்டுக் கதவைத் தட்டினால்கூடத் திறக்கவில்லை. ஸ்பானிய மொழி பேசிய அவர்களுக்கு எச்சரிக்கைகளும் புரியவில்லை. குவாதலூப்பே அன்னை பங்கினர்தான் அவர்களைத் தேடிச் சென்று, தண்ணீரும் செய்தியும் கொண்டு சேர்த்தார்கள். ஒரு தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது நகராட்சிக்குத் தெரியாதபோது பங்குக்குத் தெரிந்திருந்தது. அன்பியக் கூட்டங்களுக்கு வராமல் போகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்!

2025 ஜூலையில், ஏறத்தாழ 11,000 ஈயக் குழாய்கள் மாற்றப்பட்டுவிட்டன, 28,000க்கும் மேற்பட்ட வீடுகளின் முன் தோண்டிய இடங்கள் சீராக்கப்பட்டுவிட்டன என்று மாநில அரசு நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. 2020க்குள் முடிய வேண்டிய வேலை அது. தாமதத்துக்குக் காரணங்கள் பல, பெருந்தொற்றும் அதில் ஒன்று. ஆனால் ஒரு காரணம் நம்மை வியக்க வைக்கிறது. தோண்டிய பிறகு எந்தெந்த வீடுகளின் நடைபாதையும் புல்வெளியும் இன்னும் சீராக்கப்படவில்லை என்ற பட்டியலைக் குறித்த நாளுக்குள் நகராட்சியால் முடித்துத் தர இயலவில்லை. 2024 மார்ச்சில் நீதிமன்ற அவமதிப்புத் தீர்ப்பும் வந்தது. பதிவு இல்லாததால் தொடங்கிய துன்பம், அதைத் தீர்க்கும் வேலையிலும் பதிவு இல்லாமல் நீண்டது. ஆள் வசிக்காத வீடுகள், உரிமையாளர் அனுமதி தராத வீடுகள் என்று இன்னும் சில இடங்களில் ஈயம் மண்ணுக்குள் இருக்கிறது.

இதன் பின்விளைவாக, நாட்டிலுள்ள குடிநீர் அமைப்புகள் தங்கள் வீட்டு இணைப்புகள் என்ன உலோகம் என்ற பட்டியலை 2024 அக்டோபர் 16க்குள் தயாரித்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது. 50,000 பேருக்கு மேல் தண்ணீர் தரும் அமைப்பு என்றால் இணையத்திலேயே வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலில் 'தெரியவில்லை' என்று ஒரு பிரிவும் உண்டு. அதுவே நேர்மையான பிரிவு என்று நமக்குத் தோன்றுகிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான், அடுத்து எங்கே தோண்ட வேண்டும் என்று தெரியும்.

நம் ஊர்களில் ஈயம் அல்ல பெரிய கவலை. நமக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. நாள் முழுவதும் தண்ணீர் வரும் நகரங்களில் குழாய்க்குள் எப்போதும் அழுத்தம் இருக்கும். கசிந்தால் தண்ணீர் வெளியே போகும். நமக்கோ சில மணி நேரம் வரும், பிறகு நிற்கும். நின்ற நேரத்தில் காலிக் குழாய் தன் விரிசல் வழியே வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடைக் குழாய் கசிந்தால், அடுத்த நாள் காலையில் முதல் குடத்தில் அதுதான் வரும். தண்ணீர்க் குழாய் வரைபடத்தையும் சாக்கடை வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இரண்டும் எங்கெங்கே உரசிச் செல்கின்றன என்பது தெரிந்துவிடும். வயிற்றுப்போக்கு பரவிய தெருக்களை அதன்மேல் குறித்தால், தோண்ட வேண்டிய இடம் ஏறக்குறையத் தானே தெரியும். தோண்டும் துறைகள் பல. தண்ணீருக்கு ஒருவர், மின்சாரத்துக்கு ஒருவர், தொலைபேசிக்கு ஒருவர். ஒருவர் வரைபடம் மற்றவரிடம் இருப்பதில்லை.

வரைபடம் தயாரிக்க இன்று திட்டங்கள் உண்டு, நிதியும் உண்டு. ஆய்வாளர்கள் கருவியோடு வருவார்கள், போவார்கள், திறப்பு விழாவும் நடக்கும். சிக்கல் மறுநாள் காலையில் தொடங்குகிறது. குழாய் உடைகிறது, இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் துண்டு போட்டு ஒட்டுகிறார்கள், வால்வு இரண்டடி தள்ளி வைக்கப்படுகிறது. அதை யார் பதிவது? பதியாவிட்டால், சில ஆண்டுகளில் அந்த விலையுயர்ந்த வரைபடமும் நம் கெபிக்கு முன் விரித்த காகிதம் போலத்தான் ஆகும்.

நம் திருமுழுக்குப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு இங்கே திருமுழுக்கு, உறுதிபூசுதல் வேறு ஊரில், திருமணம் மும்பையில். அங்கிருந்து பங்குத்தந்தை ஒரு கடிதம் எழுத வேண்டும், இங்கே அந்தப் பழைய பெயரின் ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும். திருச்சபைச் சட்டம் அப்படித்தான் கேட்கிறது. அந்தக் கடிதம் வராவிட்டால் ஏடு அழகாக இருக்கும், சொல்வது தவறாக இருக்கும். நம் இழுப்பறையிலும் எழுதப்படாத சில கடிதங்கள் உண்டு என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம். குழாயைப் பழுது பார்க்கும் தொழிலாளிக்கு மாலையில் ஒரு படிவம் நிரப்ப நேரமும், அதற்கு மதிப்பும் கொடுக்காமல், 'பதிவு செய்யவில்லை' என்று அவரை மட்டும் குறை சொல்வதும் அதே போன்றதுதான். அவர்களில் பெரும்பாலோர் இன்று ஒப்பந்தக் கூலிகள். எந்த வால்வை எங்கே வைத்தோம் என்று நினைவு வைத்திருக்கும் முன்பே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

அந்தப் பங்கிலிருந்து மாறுதலாகி வந்த பிறகு, சென்ற ஆண்டு திருவிழாவுக்குப் போயிருந்தோம். முதல் நாள் காலையில், கையில் டேப்லெட்டோடு ஓர் இளம்பெண் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். கூடவே ஓய்வு பெற்றுவிட்ட நம் பிட்டர் அண்ணன்! அலுவலகத்தில் யாரோ நல்ல மனிதர், அவரை நாள்கூலிக்கு அழைத்திருக்கிறார். அவர் நடக்க, காலால் காட்ட, அவள் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். வேப்பமரம் சாலைக்காக வெட்டப்பட்டிருந்தது. வால்வு இருந்த இடத்தை அவர் கெபியிலிருந்து எட்டுகள் எண்ணிக் கண்டுபிடித்தார். அவள் நம்மிடம் திரையைக் காட்டினாள். பொக்லைன் உடைத்த இடமும் ஒரு புள்ளியாக அதில் இருந்தது. பழுது பார்த்த ஆண்டுக்கான கட்டம் மட்டும் காலி. "எந்த வருஷம்னு ஞாபகம் இருக்கா ஃபாதர்?" என்று கேட்டாள். கெபியின் கல்வெட்டைப் பார்த்துச் சொன்னோம். பதிந்துகொண்டு, இருவரும் அடுத்த தெருவுக்குத் திரும்பினார்கள்.